பச்சை இன்ஜினின் புதுச் சக்கரங்கள்

போன மாதம் கல்யாணில் அந்தத் திருமண வீட்டில் நம் கட்டடத்துப் பழைய பிள்ளைகள் எல்லாம் ஒரே மேசையில் வந்து சேர்ந்தோமே, அன்று உங்களில் ஒருவர் சொன்னது என்னை விடவே இல்லை. முழங்கால் வலி, சர்க்கரை மாத்திரை, நெருளில் பிளாட் விலை எல்லாம் பேசித் தீர்ந்து, பேச்சு பம்பாயில் நாம் வளர்ந்த சுனாபட்டிக்கு வந்தது. கீழ்வீட்டு ரயில் மாமாவை ஞாபகம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். எல்லோருக்கும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் வரிசையாகக் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, அந்தப் பச்சை இன்ஜின் நம் மூக்குக்கு நேரே வருவதைப் பார்த்திருக்கிறோம். "பெத்த பையன் செத்து ரெண்டு வருசம்கூட ஆகல. அவன் பொம்மைய எடுத்து வச்சு இந்த மனுசன் விளையாடிக்கிட்டிருந்தார் பாருங்க. என்ன நெஞ்சோ!" என்றார் இன்னொருவர். நான் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

அவர் உங்களுக்கு ரயில் மாமா. எனக்குப் பெரியப்பா, என் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். நீங்கள் வந்து படுத்துப் பார்த்தது அந்த மழைக்காலத்தின் கடைசியில். படிக்கட்டில் நின்று உங்களையெல்லாம் கூப்பிட்டது பெரியம்மாதான் என்பதாவது நினைவிருக்கிறதா? அதற்கு முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் இப்போது நான்தான் மிச்சம். பெரியப்பாவும் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்ஜின், அவர்கள் நெருளுக்கு வீடு மாறிய குழப்பத்தில் எந்த மூட்டையோடு போனதோ, தேடியும் கிடைக்கவில்லை. என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆகவே இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் என்று நான் சொல்வது பெரியப்பாவின் ஒரே பையனை. என்னைவிட மூன்று வயது மூத்தவன். காது இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கும். லோக்கல் ரயில் சுனாபட்டி ஸ்டேஷனுக்குள் நுழையும்போது வருகிற சத்தத்தை வாயாலேயே எழுப்புவான். எங்கள் வீட்டில் அம்மா நிஜ ரயில் என்று நினைத்து அப்பாவின் டிபனைக் கட்ட ஓடுவாள்.

பெரியம்மாவின் தம்பி ஒருவர் கப்பலில் சமையல்காரராக இருந்தார். கப்பல் மாமா என்போம். சீமையில் ஏதோ ஒரு துறைமுகத்தில், பழைய சாமான் விற்கிற கடையில் அந்த இன்ஜினையும் கொஞ்சம் தண்டவாளத் துண்டுகளையும் வாங்கி, தன் சட்டைகளுக்குள் சுற்றி எடுத்து வந்திருந்தார். அப்போதே அது பழையதுதான். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை விளையாடிச் சலித்தது. ஒரு சாண் நீளம். கையில் எடுத்தால் எதிர்பாராத கனம். பாட்டில் பச்சை நிறம், கறுப்புப் புகைபோக்கி, டிரைவர் நிற்கிற இடத்தில் இரண்டு வட்டச் சன்னல். அந்தச் சன்னலில் கண்ணை வைத்தால் எண்ணெயும் சூடும் கலந்த ஒரு வாசம் வரும். இன்றைக்கும் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு நொடி அந்த வாசம் வந்துவிட்டுப் போகும்.

ஒரு வருடம் போல ஓடிய பிறகு இன்ஜின் நின்றுபோனது. சக்கரம் இறுகிவிட்டது. பெரியப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக். ஊர் டெலிபோனையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவர், இதையும் பார்ப்பார் என்று அண்ணன் காத்திருந்தான். அந்த ஜூலையில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் திரும்பி வரவில்லை.

அடக்கத்தின்போது பெரியப்பா அழவில்லை. குடையை மற்றவர்களுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். சில நாளில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். "கல்லு. அந்த மனுசருக்கு உள்ள இருக்கது கல்லு" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். நம் கட்டடம் முழுக்க அதையேதான் சொன்னது. நானும் பல வருடம் அப்படியே நினைத்திருந்தேன்.

இன்ஜின் கண்ணாடி ஷோகேசுக்குள் போனது. அண்ணன் மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய போட்டோவுக்குப் பக்கத்தில், பெரியம்மா பின்னிய குரோஷா துணியின் மேல். அவன் செருப்பு வாசல் மூலையில் அப்படியே கிடந்தது. அவன் பள்ளிக்கூடப் பை ஆணியில் அப்படியே தொங்கியது. ஒருமுறை என் தம்பி ஷோகேசைத் திறக்கப் போனபோது பெரியம்மா அவன் கையைப் பிடித்து, "அவன் வச்ச மாதிரியே இருக்கட்டும்யா" என்று மெல்லச் சொன்னாள். அதட்டியிருந்தால்கூட நாங்கள் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

இரண்டாவது மழைக்காலம் வந்தது. எனக்குக் காலைப் பள்ளி. மத்தியானம் நனைந்து வந்து, தலை துவட்டி, சோறு தின்றதும் பெரியப்பா வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் காலை ஷிப்ட் முடிந்து வந்திருப்பார். பெரியம்மா தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மத்தியான டீச்சர், சாயங்காலம்தான் வருவாள். அம்மாவும் தம்பியும் தூங்குவார்கள். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். ஹார்பர் லைனில் ரயில் போகும்போதெல்லாம் தம்ளரில் இருக்கிற தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். வீட்டுக்குள் தண்ணீருக்குள் இருப்பது போல ஒரு பச்சை வெளிச்சம். அந்த மத்தியானங்களை இப்போது நினைத்தால் அவை நடந்தவையா, நான் தூங்கிக் கண்ட கனவா என்றே சந்தேகமாக இருக்கிறது.

அப்படி ஒரு மத்தியானம் ஷோகேஸ் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரோஷா துணியில் சாம்பல் நிறத்தில் ஏதோ சிந்திக் கிடந்தது.

"பெரியப்பா, இன்ஜின்ல இருந்து மாவு கொட்டுது."

நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர் எழுந்து வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நான் அதுவரை காணாத ஒன்றைச் செய்தார். ஷோகேசைத் திறந்து இன்ஜினை வெளியே எடுத்தார். சன்னல் பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்துப் பார்த்தார். சக்கரங்கள் பொருத்தியிருந்த சட்டம் முழுக்க மயிரிழை மயிரிழையாக விரிசல். நகத்தால் லேசாகச் சுரண்டியதும் ஒரு துண்டு பிஸ்கட்டைப் போல உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"இது வார்ப்பு மக்கா. உருக்கும்போது கலப்பு சரியில்லேன்னா, வருசம் போகப்போக தானா ஊதும். ஊதி வெடிக்கும்."

"மேல இருக்க பச்சையுமா?"

"அது வேற வார்ப்பு. நல்லாத்தான் இருக்கு. ஆனா அடியில இருக்கது ஊத ஊத, இதையும் சேத்து ரெண்டா பிளந்துரும்."

"ஒட்ட முடியாதா?"

"முடியாது. அடிச்சட்டத்தையே மாத்தணும். சக்கரம், மோட்டார், எல்லாத்தையும்."

"பெரியம்மாட்ட சொல்லட்டா?"

"சொல்லாத" என்றார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டே, "நான் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

அடியில் ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றி மேல்கூட்டைத் தூக்கினார். உள்ளே சன்னலுக்கு மேலே, கூரையின் உட்பக்கத்தில், காம்பஸ் முள்ளால் கீறிய ஒரு எழுத்து. அண்ணனுடைய பெயரின் முதல் எழுத்து. கூட்டைக் கழற்றாமல் அது யார் கண்ணிலும் படாது. சக்கரத்துக்கு நடுவே ஒரு தீக்குச்சி ஒடிந்து சிக்கியிருந்தது. தேங்காய் எண்ணெய் காய்ந்து பிசுக்காக ஒட்டியிருந்தது.

"இவன் எப்பட்டி இத தொறந்தான்?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் அந்த எழுத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மழை வலுத்தது. சன்னல் வழியே சாரல் அடித்துப் பாய் நனைந்ததையும் அவர் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் அவருடைய விடுமுறை நாளில் என்னைக் கூட்டிக்கொண்டு சோர் பஜாருக்குப் போனார். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடில் இறங்கி நடந்தோம். தெரு முழுக்கத் தார்ப்பாய். அதன் கீழே கிராமபோன் குழாய், கப்பல் விளக்கு, கார் ஹார்ன், தலையில்லாத பொம்மை, நின்றுபோன கடிகாரம். உலகத்தில் தொலைந்தவையெல்லாம் நனைந்துகொண்டு அங்கே வந்து கிடந்தன. ஒவ்வொரு கடையிலும் பெரியப்பா உடைந்த ஹிந்தியில், "சோட்டா ரயில் இன்ஜின் ஹை?" என்று கேட்டார். இல்லை, இல்லை என்று கையை ஆட்டினார்கள். ஒரு கடைக்காரர், தாடி வைத்த பாய், அவர் ஹிந்தியைக் கேட்டுச் சிரித்தார்.

"தமிழ்லயே கேளுங்க. எந்த ஊரு?"

"நாசரேத் பக்கம்."

"அரே, நான் காயல்பட்டினம்! மழையில நிக்காதிய, பிள்ளய உள்ள கூட்டிட்டு வாங்க."

எனக்கு ஒரு முக்காலியும் சாயாவும் வந்தன. பாய் ஏணி வைத்து ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். உள்ளே ஒரு கறுப்பு இன்ஜின். பிளாஸ்டிக் கூடு, சூட்டில் உருகி ஒரு பக்கம் சப்பிப்போயிருந்தது.

"மேல காலி. ஆனா அடி ஏ-ஒன். பாக்கியளா?" டார்ச் செல்களை ஒயரால் தொட்டுக் காட்டினார். அவர் கையில் ஆறு சக்கரமும் ஒரே நேரத்தில் சுழன்றன. வண்டு பறப்பது போல மெல்லிய சத்தம். என் கையில் கொடுத்தார். உள்ளங்கை முழுக்கக் கூசியது.

"பாப்பாக்கா?"

"இல்ல. பையனுக்கு" என்றார் பெரியப்பா.

"எத்தன வயசு?"

"பதிமூணு."

"அப்ப ஆசைப்படத்தான் செய்வான்" என்றார் பாய், டப்பாவைச் சணலால் கட்டிக்கொண்டே.

நான் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தச் சணல் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது ரயிலில் எனக்குச் சன்னலோர இடம் கிடைத்தது. அவர் டப்பாவை மடியில் வைத்து, மேலே ஒரு கையைப் போட்டிருந்தார். குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி அந்தக் கை ஸ்டேஷன் வரும்வரை அங்கேயே இருந்தது.

புதுச் சட்டம் பழைய கூட்டுக்குள் போகவில்லை. முன்பக்கத் திருகாணித் துளை ஒரு நூல் தள்ளியிருந்தது. அதை அவர் சரி பண்ணிவிட்டார். ஆனால் புது மோட்டார் பழையதைவிட உயரம். டிரைவர் நிற்கிற இடத்தில் கூரையில் போய் முட்டியது. முட்டிய இடம் சரியாக அந்த எழுத்து இருந்த இடம்.

"அங்கன கொஞ்சம் ராவிட்டா உக்காந்துரும்" என்று அரத்தை எடுத்தார். கூட்டைத் துணியில் சுற்றி முழங்காலுக்கு நடுவே வைத்தார். அரத்தை உள்ளே விட்டார். அப்படியே வைத்திருந்தார். பிறகு வெளியே எடுத்துவிட்டார்.

"கூட்டுல கை வைக்க வேண்டாம். மோட்டாரைக் குட்டையாக்குவோம்."

அதற்குத்தான் அத்தனை நாளானது. மோட்டாரின் தலையில் கெட்டியான ஒரு கவ்வி இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, எக்ஸ்சேஞ்சில் கழித்துப் போட்ட ஏதோ பாகத்திலிருந்து மெல்லிய பித்தளைத் தகடு கொண்டுவந்து, வெட்டி, வளைத்து, வேறு கவ்வி செய்தார். முதல் கவ்வி பிடிக்கவில்லை, மோட்டார் நடுங்கியது. அடுத்தது இறுக்கமாகி மோட்டார் சுற்றவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் செய்தித்தாளை விரிப்போம். நான் திருகாணிகளைச் சோடா மூடியில் போட்டுக் காவல் இருப்பேன். சால்டரிங் கம்பி சூடானதும் குங்கிலியப் புகை எழும். கோயில் சாம்பிராணிக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. அவர் பேசமாட்டார், மூக்கால் ஏதோ ஒரு கீர்த்தனையை இழுத்துக்கொண்டிருப்பார். பெரியம்மா வருகிற நேரம் நெருங்கும்போது எல்லாவற்றையும் சுருட்டிவிடுவோம். கூட்டைப் பழைய சட்டத்தின்மேல் கவிழ்த்து, ஷோகேசில் அதே இடத்தில், குரோஷா துணியின் அதே பூவின்மேல் வைப்போம். உதிர்ந்த மாவைப் பெரியப்பா ஊதிவிடுவார்.

ஒருநாள் பொருந்திவிட்டது. கூட்டை வைத்ததும் டக்கென்று சின்னச் சத்தம். எழுத்துக்கும் பித்தளைக்கும் நடுவே ஒரு தாள் போகிற இடைவெளி. தாளை விட்டுப் பார்த்தார்.

மிச்சமிருந்த தண்டவாளத் துண்டுகள் ஒரு வட்டத்துக்குப் போதாது. அடுப்படி வாசலிலிருந்து முன்வாசல்வரை ஒரு கோடு வந்தது, அவ்வளவுதான். டார்ச் செல்களைக் காலண்டர் அட்டையில் சுருட்டி, ஒரு பழைய சுவிட்சை மாட்டியிருந்தார். "போடு" என்றார். போட்டேன்.

இன்ஜின் ஒருமுறை குலுங்கியது. நின்றது. பிறகு நகர்ந்தது.

அது ஓடியதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அன்று பெரியப்பா செய்ததைச் சொல்ல வேண்டும். அத்தனை உயரமான மனிதர் தரையில் படுத்துக் கன்னத்தைச் சிமெண்டில் வைத்தார். நாமெல்லாம் பிறகு படுத்தோமே, அந்த மாதிரியே. இன்ஜின் அவர் முகத்தை நோக்கி வந்தது. "ஓடுதுடே" என்றார். என்னிடம் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் என்னை 'மக்கா' என்பார், 'ஏட்டி' என்பார். 'டே' என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அன்று சாயங்காலம் இன்ஜின் புதுச் சக்கரங்களோடு ஷோகேசுக்குப் போனது. பழைய சட்டத்தை, உதிர்ந்த துண்டுகளோடு சேர்த்து, பாய் கொடுத்த டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். "நாளைக்கு உங்க பெரியம்மாட்ட சொல்லணும். அதுவரைக்கும் உங்க வீட்டுல எங்கயாவது வச்சிரு" என்றார். அந்த நாளை என்பது நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போனது. அவருக்கு வாய் வரவில்லை.

கட்டிலுக்கு அடியில் நான் வைத்திருந்த டப்பாவை அம்மா பெருக்கும்போது எடுத்துவிட்டாள். மழைக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்த நாள் அது. எல்லோரும் வீட்டில் இருந்தோம். நான் எதையோ அவர்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்துவிட்டேன் என்று அம்மா பயந்திருக்க வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே பெரியம்மாவிடம் கொண்டுபோனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, இது உங்க வீட்டு சாமானா பாருங்க. இவ கட்டிலுக்கு அடியில இருந்துச்சு."

பெரியம்மா டப்பாவைத் திறந்தாள். சக்கரங்களை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. எழுந்து போய் ஷோகேசைத் திறந்து இன்ஜினைக் கவிழ்த்துப் பார்த்தாள். புதுச் சக்கரங்கள் பளபளவென்று இருந்தன.

"இது என்னது?"

பெரியப்பா சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை.

"பழசு உதிர்ந்துபோச்சு. விட்டா மேல்கூடும்..."

"எம் புள்ள கை பட்ட சக்கரம்லா இது. இதுலதான அவன் எண்ண போட்டான். இதத்தான உருட்டி உருட்டிப் பாத்தான். இத எடுத்துட்டு எவனோ வித்த சக்கரத்த மாட்டி வச்சிருக்கீய. நான் தெனமும் அத பாத்துக்கிட்டு..."

"வெடிச்சிரும்னு பயந்தேன்."

"வெடிக்கட்டும்! உதிர்ந்தா உதிரட்டும். ஒண்ணுமில்லாம மண்ணாப் போகட்டும். அது அவன் வச்சது."

பெரியம்மா சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். அம்மா என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "நான் எதுக்கு அத தூக்கிட்டுப் போனேன்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அப்புறம், "ஆனாலும் அந்த மனுசருக்கு விளையாட வேற ஒண்ணும் கிடைக்கலியா?" என்றாள். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவள் பார்த்தது நுரை பூசிய முகத்தை மட்டும்தான்.

பிறகு சில நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. பெரியம்மா சமைத்தாள், தட்டு வைத்தாள், பள்ளிக்கூடம் போய் வந்தாள். டப்பா போட்டோவுக்கு முன்னால் ஷோகேசில் இருந்தது. இன்ஜினை உள்ளே வைக்காமல் மேசை ஓரத்தில் விட்டிருந்தாள். பெரியப்பா என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார். எனக்கு மத்தியானம் போக இடமில்லாமல் போனது.

மறு ஞாயிறு கோயில் முடிந்து வந்ததும் அம்மா மீன் குழம்பு கொடுத்து அனுப்பினாள். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். பெரியப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா கோயிலுக்குக் கட்டிய சேலையை மாற்றாமல் சன்னலோரம் நின்றிருந்தாள். மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

"எதுக்கு செஞ்சீய?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. என்னைப் போகச் சொல்லவும் இல்லை. நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரியில வச்சு அவன் கேட்டாம்லா," என்றார் பெரியப்பா. "'அப்பா, இன்ஜின் ஓடுதாப்பா'ன்னு. நான், 'ஓடுதுடே, சரி பண்ணி வச்சிருக்கேன், வந்து பாரு'ன்னேன். நான் அத தொடவே இல்ல. அவன் நல்லா இருக்கும்போது எத்தன வாரம் கேட்டான். ஞாயித்துக்கிழம பாப்போம், ஞாயித்துக்கிழம பாப்போம்னே சொல்லிட்டிருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழம எடுத்து உக்காந்திருந்தா என்ன? பொய்ய நம்பிக்கிட்டுல்லா போயிட்டான் எம் புள்ள."

பெரியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். என்ன மாற்றம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"அவனுக்குத் தெரியும்" என்றாள்.

"என்னது?"

"அவனுக்குத் தெரியும்ங்க. நீங்க மருந்து வாங்கக் கீழ போனதும் எங்கிட்ட சொன்னான். 'அம்மா, நான் தொறந்து பாத்துட்டேன். உள்ள எல்லாம் உதிருது. அத யாராலயும் சரி பண்ண முடியாது. அப்பா சும்மா சொல்லுதாவ'ன்னான்." சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "'நீ அப்பாட்ட கேட்டுராத. பாவம், சங்கடப்படுவாவ'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல நீ?"

"அவன் சொல்லாதன்னுட்டாம்லா."

பெரியப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகை என்று எனக்கு முதலில் தெரியவில்லை. ஏதோ கனமான பெட்டியைத் தரையில் இழுத்தது போல இருந்தது. முகத்தை மூடக்கூட இல்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடியே, வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சத்தம் சுவரைத் தாண்டியிருக்க வேண்டும். அம்மா கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, என் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனாள். அதன்பிறகு கல்லு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் வரவில்லை.

பெரியம்மா அவரைத் தேற்றவில்லை. பக்கத்தில் போய் உட்காரவும் இல்லை. அவர் அழுது முடிக்கும்வரை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து தண்டவாளத் துண்டுகளை இழுத்தாள். அவை அங்கே இருப்பது அவளுக்கு எப்போதிலிருந்து தெரியுமோ! தரையில் உட்கார்ந்து ஒன்றோடு ஒன்று செருகத் தொடங்கினாள். செருகத் தெரியவில்லை, தலைகீழாக வைத்தாள். நான் போய்ச் சரி பண்ணிக் கொடுத்தேன். மேசையிலிருந்து இன்ஜினை எடுத்து அவளே கோட்டின்மேல் வைத்தாள்.

"ஓட்டுங்க. நான் இன்னும் பாக்கலல்லா."

பெரியப்பா வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். ஒயர் செல்லில் சரியாகப் படவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். அவர் சுவிட்சைப் போட்டார். இன்ஜின் புறப்பட்டது. கட்டில் காலைத் தாண்டியது, மேசைக்கு அடியில் போனது, வெளிச்சத்துக்கு வந்தது. கோடு முன்வாசலில் முடிகிறது; அதற்குமேல் படி. பெரியம்மா அந்த முனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்து முன்னால் வைத்திருந்தாள். இன்ஜின் ஓடிவந்து அவள் கைக்குள் ஏறியது. சக்கரங்கள் இன்னும் சுழன்றுகொண்டிருந்தன. மெல்ல நின்றன.

"சூடா இருக்கே!" என்றாள்.

"ஓடினா மோட்டார் சூடாகும்" என்றார் பெரியப்பா. மூக்கு அடைத்திருந்தது.

அவள் அதைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தாள். வெளியே ஒரு லோக்கல் போனது. பாத்திர அலமாரி அதிர்ந்து அடங்கியது. பெரியப்பாவும் அசையவில்லை, நானும் அசையவில்லை. அந்தச் சூடு முழுக்க ஆறும்வரை அவள் அப்படியே வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு குனிந்து, ஒவ்வொரு சக்கரமாகத் தண்டவாளத்தில் உட்காருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, இன்ஜினின் முகம் அவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"ம், இப்ப நீங்க பிடிங்க" என்றாள்.